செம்மண் பந்தயக் காருக்கு லேசான கிளட்ச்: வாங்கும் முன் ஒரு கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தரை காயத் தொடங்கினால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பந்தயப் பேச்சு கிளம்பிவிடும். பெரும்பாலும் அது மாட்டு வண்டிப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் ஓடும். சாலையின் இரண்டு பக்கமும் சனம் நிற்கும். என் அக்கா மகன் அந்தக் கூட்டத்தில் சேராதவன். அவனுக்கு மண் தடத்தில் கார் ஓட்ட வேண்டும். அதற்காகவே ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கி, காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். உள்ளங்கையை விரித்தால் அடங்கிவிடும் போல ஒரு குட்டி கிளட்ச், இரண்டு தட்டு உள்ளது.

"மாமா, இது ரெண்டரை கிலோதான். நம்ம வண்டியில இருக்கறது அஞ்சு கிலோ. இதப் போட்டா பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும்ல?"

"போகும்டா. எந்தக் கியர்ல?" என்றேன்.

அவன் விழித்தான். அவனைப் போல விழிக்கும் எல்லோருக்காகவும்தான் இந்தக் கட்டுரை. எனக்குச் சொந்தப் பட்டறை எதுவும் கிடையாது. பட்டறைகளில் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தும், கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டும் கற்றவன். சுட்டுக்கொண்ட கதையும் பின்னால் வரும்.

கிளட்ச் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சுற்றும்போது அதன் கடைக்கோடியில் பிளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரமும் சேர்ந்து சுற்றும். அதன் முகத்தில் பிரஷர் பிளேட் என்ற மூடியைப் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட், அதாவது தட்டு. இந்தப் பிளேட் இன்ஜினோடு பூட்டப்பட்டதல்ல. கியர்பெட்டியிலிருந்து நீளும், பல் வெட்டிய தண்டில் கோத்திருக்கும். பிரஷர் பிளேட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு வைத்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் இன்ஜின் விசையைக் கியர்பெட்டிக்குக் கடத்துகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கைத் தள்ளும், பிடி விட்டுப்போகும். அவ்வளவுதான்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் பிளேட்டின் எடை எப்போதும் இன்ஜின் சுமக்கும் எடை. கிளட்ச் பிளேட்டின் எடை, பெடலை மிதித்த நேரத்தில் கியர்பெட்டியின் பக்கம் போய்விடும். பிளேட் லேசாக இருந்தால் கியர் சட்டென்று விழும், கியர் மாறும்போது சுற்று வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களுக்கும் தேய்மானம் குறையும். பிக்கப்பைப் பற்றியே பேசுபவர்கள் இந்தப் பலனைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய பலனாகத் தோன்றும் நாட்களும் உண்டு.

திருகையும் சைக்கிளும்

பழைய வளவு வீடுகளில் இரண்டாங்கட்டுக்குப் போனால் ஒரு மூலையில் திருகை கிடக்கும். எங்கள் ஆச்சி வீட்டில் இன்னும் இருக்கிறது. முளைக்குச்சியைப் பிடித்து முதல் சுற்றுச் சுற்றும்போது தோள் வலிக்கும். நாலு சுற்றுப் போனபின் கல் தானாக இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். கையை எடுத்தாலும் சட்டென்று நிற்காது. நீங்கள் கொடுத்த வலுவை அது வாங்கி வைத்துக்கொண்டு, பயறு இடையில் சிக்கும்போது திருப்பிக் கொடுக்கிறது. பயறு உடைக்க இந்தக் கனம் வேண்டும். அட்டையில் திருகை செய்தால் ஒரு பயறுகூட உடையாது.

காருக்குப் பிளைவீலை வைத்ததும் இதே காரணத்துக்குத்தான். நாலு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் சுழற்சியைத் தளரவிடாமல் கொண்டுபோக ஒரு கனம் வேண்டும். தோட்டத்து ஆயில் இன்ஜினில் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு சக்கரம் இருப்பதும் அதனால்தான். அங்கே ஒரே ஒரு சிலிண்டர், ஆகவே கனம் அதிகம் தேவை.

பந்தயக் காருக்கு வேண்டியது வேறு. அங்கே இன்ஜின் விருட்டென்று ஏற வேண்டும், விருட்டென்று இறங்க வேண்டும். சுற்றுகிற கனத்தை வேகப்படுத்தச் செலவாகும் விசை காரைத் தள்ளப் பயன்படாது. பந்தய வண்டிக்குப் பார வண்டிச் சக்கரத்தை யாராவது மாட்டுவார்களா?

இனிமேல்தான் ஆரம்பக்காரர்கள் பலரும் தவறவிடும் இடம். எடை எவ்வளவு என்பதைவிட எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சோதித்துப் பார்க்க ஒரு சைக்கிள் போதும். (பள்ளத்தூர்க் குடும்பம் ஒன்று தொடங்கிய கம்பெனியின் சைக்கிளாக இருந்தால் ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும்.) சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். அரைக் கிலோ ஈயத்தையோ கம்பியையோ சரிபாதியாகப் பிரித்து, எதிரெதிரே இரண்டு ஆரக்கால்களில், அச்சை ஒட்டிக் கட்டிக் கையால் பெடலைச் சுற்றுங்கள். பெரிய வித்தியாசம் தெரியாது. அதே எடையை ரிம்மை ஒட்டிக் கட்டிச் சுற்றுங்கள். உங்கள் கையே சொல்லிவிடும். எடை அதேதான், தூரம் இரண்டு மடங்கானால் சுழலத் தயங்கும் தன்மை நாலு மடங்காகும், தூரம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் சுழல்கனம் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்குக்காக எண்களை முழுசாக வைத்துக்கொள்கிறேன். சாலைக்கார் கிளட்ச் செட் 200 மி.மீ. விட்டம், 5 கிலோ. பந்தயச் செட் 140 மி.மீ. விட்டம், 2.5 கிலோ. இரண்டையும் சீரான வட்டத் தட்டாக நினைத்துக்கொண்டால் சுழல்கனம் என்பது எடையில் பாதியை ஆரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை பெருக்கியது. முதலாவதற்கு 0.025 வரும். இரண்டாவதற்கு 0.006 வரும். எடை பாதியானது, சுழல்கனம் நாலில் ஒன்றானது. உலகம் முழுக்கப் பந்தய கிளட்ச்சுகள் 184, 140, 115 மி.மீ. என்று விட்டத்தில் சுருங்கிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். எடையைச் சீவுவதைவிட விட்டத்தைச் சுருக்குவதில் லாபம் அதிகம்.

மருமகன் இதுவரைக்கும் கேட்டுவிட்டு, "அப்ப ஆர்டர் போட்டுரவா மாமா?" என்றான். இன்னும் கேள்விக்கே வரவில்லை.

எந்தக் கியரில்?

சேமித்த சுழல்கனம் 0.019. இதனால் கார் எவ்வளவு லேசாகிறது? இன்ஜின் எத்தனை தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றுகிறது என்ற மொத்த விகிதத்தை இரண்டு தடவை பெருக்கி, டயரின் ஆரத்தால் இரண்டு தடவை வகுத்தால், சுழல்கனத்தைச் சாதாரண எடையாக மாற்றிப் பார்க்கலாம். எஸ்டீம் மாதிரி சின்னக் காருக்கு மொத்த விகிதம் முதல் கியரில் சுமார் 13, இரண்டில் 7, மூன்றில் 5 என்றும், டயரின் ஆரம் 28 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன்.

முதல் கியரில் 40 கிலோ குறைந்தது போல. இரண்டாம் கியரில் 12 கிலோ. மூன்றாம் கியரில் 6 கிலோ.

அதே உருப்படி, அதே காசு. முதல் கியரில் ஒரு பள்ளிக்கூடப் பையனை இறக்கிவிட்ட பலன், மூன்றில் ஒரு தண்ணீர்க் குடத்தைப் பாதி கொட்டிய பலன். மண் தடத்தில் முதல் கியர் கிளம்பும்போது இரண்டு மூன்று விநாடிதான். வளைவுகள் நிறைந்த தடத்தில் மீதி நேரமெல்லாம் இரண்டும் மூன்றும்தான். இரண்டாம் கியரின் 12 கிலோ என்பது டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு வருவதற்குக் கிட்டத்தட்ட சமம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

இதைச் சொன்னதும் மருமகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி, லேசான கிளட்ச் வீண் என்று நான் சொல்லவில்லை. எடை மட்டும் பேசினால் ஏமாந்துபோவோம் என்கிறேன். முதலில் கேட்க வேண்டியது: இந்தத் தடத்தில் எந்தக் கியரில் ஓடப் போகிறோம், கிளட்ச்சை எத்தனை தடவை மிதிக்கப் போகிறோம்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில், நம் ஊரில் வேறு பதில். லேசான கிளட்ச்சைப் பற்றி இணையத்தில் நீங்கள் படிக்கும் பெருமைகளில் பாதி அங்கேயிருந்து வருவதால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். அங்கே டர்ட் டிராக் என்றால் பெரும்பாலும் களிமண்ணை அடித்து இறுக்கிய முட்டை வடிவத் தடம். ஓஹாயோவில் 1954 முதல் நடக்கும் எல்டோராவும், அயோவாவின் நாக்ஸ்வில்லும் அரை மைல் சுற்றுத் தடங்கள். இந்தத் தடங்களில் பந்தயம் நின்ற இடத்திலிருந்து தொடங்காது. கார்கள் உருண்டுகொண்டே வரிசையாக வரும், கொடி விழுந்ததும் பாயும். அதன்பின் ஒரே கியர்தான். அதாவது கிளட்ச்சுக்கு வேலை, கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது ஒரு தடவை, தடத்தில் சுழன்று நின்றுபோனால் இன்னொரு தடவை. இப்படிப்பட்ட காருக்கு எவ்வளவு சின்ன கிளட்ச் வைத்தாலும் தாங்கும். லேட் மாடல் என்ற வகைக் கார்களில் பெர்ட், பிரின் என்ற கம்பெனிகளின், இரண்டே கியர் உள்ள பெட்டிகள் பிரபலம். சின்ன கிளட்ச்சைப் பெட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். ஸ்பிரிண்ட் என்ற இன்னொரு வகைக் கார்களில் கிளட்ச்சும் இல்லை, கியர்பெட்டியும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. பின்னாலிருந்து ஒரு டிரக் தள்ளிக் கிளப்பிவிடும். லேசான கிளட்ச் வேண்டும் என்ற ஆசையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனால் இப்படித்தான் ஆகும்.

நம்ம ஊரில் மண்ணில் கார் ஓட்டுவது என்றால் ஆட்டோகிராஸ், அல்லது ராலி. ஆட்டோகிராஸில் கோட்டில் நின்று, கொடி காட்டியதும் கிளம்ப வேண்டும். நேரம் கணக்கிடும் ஓட்டம். கொண்டை ஊசி வளைவுகள் வரும். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று கியர் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று ஓட்டம் உண்டு, காரை வரிசையில் நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோவதும் உண்டு. ஆக, லேசான கிளட்ச்சின் பலன் அதிகமாகத் தெரியும் கியர்கள் இங்கே வருகின்றன. கிளட்ச்சைப் போட்டுத் தேய்க்கும் சந்தர்ப்பங்களும் இங்கேதான் வருகின்றன. இந்த இழுபறியைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சில்லறை.

(போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் கார்ப் பந்தயம் நடந்தது. அதே போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டிலும் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமூச்சு வரும். அது கிடக்கட்டும்.)

பிடிமானக் கணக்கு

சின்ன கிளட்ச் வழுக்காமல் பிடிக்குமா? நாலு விஷயங்களைப் பெருக்கினால் பதில்: உராயும் முகங்கள் எத்தனை, உராய்வு எண் எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துகிறது, தட்டில் ஒட்டியிருக்கும் உராயும் பட்டையின் சராசரி ஆரம் என்ன.

ஒற்றைத் தட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முகம். சாதாரணப் பட்டைக்கு உராய்வு எண் சுமார் 0.3. ஸ்பிரிங் அழுத்தம் 4,000 நியூட்டன் என்று வைப்போம். அதாவது நாலு மூட்டை சிமெண்டை இரண்டு தடவை ஏற்றியது போல 400 கிலோ பாரம். 200 மி.மீ. தட்டில் சராசரி ஆரம் 80 மி.மீ. பெருக்கினால் 192 நியூட்டன் மீட்டர். கிளட்ச் வழுக்காமல் தாங்கும் டார்க், அதாவது முறுக்குவிசை, இவ்வளவு. எஸ்டீம் போன்ற 1,300 சி.சி. இன்ஜின் தரும் டார்க் 100-க்குச் சற்று மேல். ஏறக்குறைய இரண்டு மடங்கு காப்பு இருக்கிறது; கம்பெனிக்காரன் அப்படி வைத்ததால்தான் டிராபிக்கில் அரை கிளட்ச்சில் நகர்ந்தாலும் வண்டி பிழைக்கிறது.

இப்போது 140 மி.மீ. ஒற்றைத் தட்டு. சராசரி ஆரம் 60 மி.மீ. ஆகிவிடும். மற்றதெல்லாம் அதேதான். பெருக்கினால் 144. காகிதத்தில் பார்த்தால் 100-ஐவிட அதிகம், போதும் போலத்தான் இருக்கும். ஆனால் பட்டை சூடேறி, உராய்வு எண் 0.2-க்கு இறங்கினால் அதே கிளட்ச் 96-தான் தாங்கும். இன்ஜின் கத்தும், கார் நகராது. அதனால்தான் சின்ன விட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு தட்டு வைக்கிறார்கள். முகங்கள் நாலு, ஆகவே 288. சூட்டில் 0.2-க்கு இறங்கினாலும் 192. விட்டத்தில் இழந்ததை எண்ணிக்கையில் மீட்பது, இதுதான் பந்தய கிளட்ச்சின் சூட்சுமம். இன்ஜின் டார்க்கைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு, அதுவும் சூடேறிய நிலையில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்வது என் பழக்கம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கடைக்காரர் அடுக்கினால் மயங்க வேண்டாம். பெடல் கல்லு மாதிரி ஆவதும், பிடிக்கும்போது உதைப்பதும், கியர்பெட்டியும் டிரைவ் ஷாஃப்டும் அடி வாங்குவதும் அதோடு சேர்ந்தே வரும்.

மண்ணில் ஒரு சலுகை உண்டு. நம் பக்கத்துச் செம்புறாங்கல் சரளையில், காய்ந்த நாளில், கிளட்ச் வழுக்குவதற்கு முன் டயர் வழுக்கிவிடும். தார் ரோட்டில் பிடிக்கும் அளவுக்குப் பிடி இல்லை என்பதால் கிளட்ச்சுக்குப் போகும் அதிர்ச்சியும் குறைவு. ஒரு மழை பெய்து மண் இறுகிய மறுநாள் இந்தச் சலுகை கிடையாது.

சூடு

கையைச் சுட்டுக்கொண்ட கதைக்கு வந்துவிட்டேன். பல வருடங்களுக்கு முன் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னக் காருக்குச் சின்ன கிளட்ச் போட்டோம். ஒற்றைத் தட்டு, லேசானது, வெளியூரிலிருந்து வரவழைத்தது. பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மினி லாரியில் கார் ஏற வேண்டும். இரண்டு பலகை போட்டோம். நான்தான் ஓட்டினேன். பலகையில் சக்கரம் நேராக இருக்கிறதா என்று ஒருவன் பார்க்க, "கொஞ்சம் ஏத்து, நிறுத்து, இன்னும் கொஞ்சம்" என்று இன்னொருவன் கத்த, நான் அரை கிளட்ச்சில் காரைப் பிடித்துப் பிடித்து ஏற்றினேன். லாரி மேலே போய் நின்றபோது ஒரு வாசம் வந்தது. ரப்பரும் தலைமுடியும் சேர்ந்து கருகுகிற மாதிரி. ஒரு தடவை மோந்தவனுக்கு அது மறக்காது. மறுநாள் காரை இறக்கினோம், கோட்டுக்குப் போனோம், கொடி விழுந்தது. இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றியது. கார் மாட்டு வண்டி போல நகர்ந்தது. எங்கள் பந்தயம் பலகையிலேயே முடிந்திருந்தது.

ஏன் என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்டுநரோடு 1,000 கிலோ கார், இன்ஜினை 4,000 சுற்றில் வைத்துக் கிளம்பினால், முதல் கியரில் கிளட்ச் முழுசாகப் பிடிக்கும்போது வேகம் மணிக்கு 32 கி.மீ. அளவுக்கு இருக்கும். அதுவரை காருக்குப் போன ஆற்றல் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே கிளட்ச்சில் சூடாகக் கழிகிறது. சுமார் 40 கிலோ ஜூல். சக்கரம் சுழன்றால் கொஞ்சம் குறையும். இந்தச் சூட்டை வாங்கும் இரும்பு 4 கிலோ இருந்தால் சராசரியாக 20 டிகிரி ஏறும். ஒன்றரைக் கிலோதான் என்றால் 55 டிகிரிக்கு மேல். இது சராசரி, உராயும் முகத்தில் எகிறுவது இதைவிடப் பல மடங்கு. எடையைக் குறைத்தபோது சூட்டை வாங்கி வைக்கும் பாத்திரத்தையும் சேர்த்துச் சின்னதாக்கிவிட்டோம் என்பது எங்களுக்கு அன்று தோன்றவில்லை.

பலகைக் கணக்கு இன்னும் மோசம். ஐந்தடிக்கு ஓரடி ஏறும் பலகையில், 2,500 சுற்றில், அரை கிளட்ச்சில் காரைப் பிடித்து நிறுத்தினால் விநாடிக்குச் சுமார் 10 கிலோ ஜூல் சூடு. பத்து விநாடி நின்றால் 100. அதாவது பந்தயத்தில் இரண்டரைத் தடவை கிளம்புவதற்குச் சமம். நான் அரை நிமிடமாவது நின்றிருப்பேன். இன்றைக்கு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது: லேசான கிளட்ச் போட்டால் லாரிக்கு ஒரு கை வின்ச் வாங்கு, இல்லாவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளு.

தட்டு எதில் செய்தது

சாலைக்காரில் இருப்பது ஆர்கானிக் பட்டை. மெதுவாகப் பிடிக்கும், ஆளை உதைக்காது, சூடு அதிகமானால் கருகும். ஒரு தடவை நன்றாகக் கருகியது பழைய பிடிக்குத் திரும்பாது. பந்தயத்தில் அதிகம் புழங்குவது செராமிக் என்று கடைகளில் சொல்லும் சின்டர் தட்டு. உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த வில்லைகள், மூன்றோ நாலோ ஆறோ ஒட்டியிருக்கும். வில்லைகளுக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் தட்டு லேசு, சூடும் தாங்கும். ஆனால் வைத்தால் பிடிக்கும், எடுத்தால் விடும். நடுவில் எதுவும் கிடையாது. கார்பன் தட்டுகள் இன்னும் லேசு. அவற்றின் விலையில் இன்னொரு எஸ்டீம் வாங்கலாம் என்பதால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

தட்டின் நடுவில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினின் குலுக்கலைக் கியர்பெட்டிக்குப் போகாமல் அவை வாங்கிக்கொள்ளும். பந்தயத் தட்டுகளில் எடைக்காக இதைத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பெட்டி கடகடவென்று சத்தம் போடும். அது கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் பழைய கியர்பெட்டி வைத்து ஆரம்பிக்கிறவர்களுக்கு ஸ்பிரிங் உள்ள தட்டுதான் நல்லது. 200 கிராம் அதிகம் போனால் போகட்டும்.

இன்னொரு எதிரி நம் செம்மண் தூசி. மாவு போல நைசாக இருக்கும், எந்த இடுக்கிலும் நுழையும். கிளட்ச் கூட்டுக்குள் ஓட்டை இருந்தால் காற்று வந்து சூடு ஆறும் என்று சிலர் பெரிதாகத் திறந்துவிடுவார்கள். சூடு ஆறும்தான், தூசியும் வரும். பல் வெட்டிய தண்டில் கிரீஸை அள்ளி அப்பியிருந்தால் தூசி அதில் ஒட்டிச் சேறாகி, தட்டு வழுக்கி நகராமல் சிக்கிக்கொள்ளும். பெடலை முழுசாக மிதித்தும் கியர் நெறநெறவென்று விழுகிறதா? அனேகமாக இதுதான். சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவி, தட்டை ஒரு தடவை ஏற்றி இறக்கி, பிதுங்கி வந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். மொத்தம் ஒரு பட்டாணி அளவுதான் வேண்டியது. இரண்டு தட்டு கிளட்ச்சில் தட்டுகள் விலகும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இன்னும் அதிகம்.

பிளைவீலில் கை வைப்பது

கிளட்ச்சைச் சின்னதாக்கிவிட்டுப் பழைய பிளைவீலையே விட்டுவைத்தால் என்ன பயன் என்று மருமகன் சரியாகவே கேட்டான். 260 மி.மீ. விட்டம், 7 கிலோ பிளைவீலுக்கு அதே கணக்கைப் போட்டால் சுழல்கனம் 0.059 வருகிறது. கிளட்ச்சில் நாம் மிச்சம் பிடித்தது 0.019-தான். அப்படிப் பார்த்தால் பெரிய புதையல் பிளைவீலில் இருக்கிறது. உண்மைதான்.

ஆனால் அந்தப் புதையலை எடுக்க நம் ஊரில் கண்டுபிடித்திருக்கும் வழி, பழைய வார்ப்பிரும்புப் பிளைவீலை லேத்தில் கொடுத்து, விளிம்பைச் சுரண்டி வாங்குவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். 7,000 சுற்றில் 260 மி.மீ. சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 340 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. வார்ப்பிரும்பு அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். சுழலும் சக்கரத்தில் இருப்பதோ இழுவிசை. அது சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏறும். 5,000 சுற்றில் தாங்கியது 7,000-இல் இரண்டு மடங்கு இழுபடும். உடைந்தால் துண்டு கூட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கால் பக்கம் வரும். அமெரிக்கப் பந்தயங்களுக்காக எஸ்எஃப்ஐ என்ற அமைப்பு பிளைவீலுக்கும் கிளட்ச்சுக்கும் பாதுகாப்புத் தரமே வகுத்திருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. லேசான பிளைவீல் வேண்டுமானால் அதற்கென்றே எஃகில் செய்ததை வாங்குங்கள். வாங்கியபின் பிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்துப் பூட்டி பேலன்ஸ் பார்த்து, இரண்டிலும் நேர்க்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

லேசு எல்லா நேரமும் வேகம் தராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்து வழவழப்பான தடத்தில் லேசான இன்ஜின் தொட்டால் சீறும். டயர் பிடி விட்டுப்போவதும் திரும்பப் பிடிப்பதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். கனமான பிளைவீல் அந்த வேகத்தை மட்டுப்படுத்தி, கால் பழகாதவரைக் காப்பாற்றும். புதுசாக ஓட்ட வருகிறவர் பழைய பிளைவீலில் இரண்டு சீசன் ஓட்டுவதில் நஷ்டம் இல்லை என்பது என் அபிப்பிராயம். மறுக்கிறவர்கள் உண்டு, அவர்கள் என்னைவிட வேகமாகவும் ஓட்டுவார்கள்.

பூட்டும்போது கவனிக்க ஒன்றே ஒன்று சொல்கிறேன், மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். பந்தய பிரஷர் பிளேட்டுக்குப் பெடல் ஓட்டம் குறைவு. சாலைக்கார் பழக்கத்தில் பெடலைத் தரைவரை மிதித்தால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி வளைந்து கெட்டுப்போகும். பெடலுக்கு அடியில் ஒரு போல்ட்டை வைத்து, கிளட்ச் விடுபட்டுச் சற்றே கூடுதலாகப் போகும் இடத்தில் நிற்கிற மாதிரி தடுப்புக் கொடுக்க வேண்டும். ஐம்பது ரூபாய் வேலை. இதைச் செய்யாமல் செட்டையே வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், ஓடப் போகும் பிரிவின் விதிப் புத்தகத்தை முதலில் வாங்கிப் படியுங்கள். சில பிரிவுகளில் கம்பெனி கிளட்ச்சைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. மருமகன் இதைப் படிக்கவில்லை என்பது பேச்சின் கடைசியில்தான் தெரிந்தது.

கடைசியில் என்ன முடிவு செய்தோம் என்று கேட்டால்: விதி இடம் கொடுத்தால் கம்பெனி விட்டத்திலேயே, ஸ்பிரிங் உள்ள ஒரு சின்டர் தட்டு, அழுத்தம் சற்றுக் கூடிய பிரஷர் பிளேட், பிளைவீல் பழையது. இரண்டு தட்டுக் குட்டியை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். மிச்சப்படும் காசில் மண் டயர் இரண்டு. அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. வண்டியில் இப்போது இருக்கும் செட் உண்மையிலேயே 5 கிலோதானா என்று அவன் இதுவரை நிறுத்துப் பார்த்ததில்லை. யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை கியர்பெட்டியை இறக்குகிறோம். தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் தராசு கேட்டிருக்கிறேன். கிரீஸ் படாமல் பழைய பேப்பர் விரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.